பழைய பாகத்தைத் திருப்பி அனுப்பவும்

ஜனவரி 12

சின்னவளுக்கு,

நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். கடிதம் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்காக நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அத்தை எழுதச் சொன்னார், எழுதுகிறேன்.

நீ அவருக்கு வாங்கி அனுப்பிய போன் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்பினால்தான் உங்கள் கம்பெனியில் புதியது தருவார்களாமே. அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவர் இல்லையா, சொல்லவா வேண்டும். நகத்தால் பின் கவரைத் திறந்து, அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சார்ஜிங் போர்ட்டைக் கழற்றி என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டார். "இதை பார்சல் போடு. கூடவே சின்னவளுக்கு ரெண்டு வரி எழுது. எவ்வளவு நாளைக்குத்தான் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீங்க" என்றார். நான் தைத்துக்கொண்டிருந்த ஜன்னல் திரை முழுக்க அவர் போனில் இருந்து உதிர்ந்த ஸ்க்ரூ.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது யார் என்று உனக்கே தெரியும். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நீ வந்தாய். நல்லது. வந்தவள் விருந்தாளியாக இருந்திருக்கலாம். என் சமையலறை அலமாரியை மாற்றி அடுக்கினாய், அத்தையின் மாத்திரை டப்பாவை மாற்றினாய், கிளம்பும்போது "அக்காவுக்கு வேலை அதிகம், பாவம்" என்று அவர் காதில் போட்டுவிட்டுப் போனாய். பின்னாடியே இந்தப் போன் வந்தது. செங்கல் கனம். யாரையும் சுரண்டாமல் நியாயமாகச் செய்த போனாம். இந்த வீட்டுக்கு அது வந்து சேர்ந்ததில் என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

புதிய பாகத்தை அனுப்பு.

பெரியவள்


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பயந்தேன். படித்த பிறகு பயம் போய்விட்டது. நீங்கள் திட்டினால் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புதிய போர்ட் இத்துடன் இருக்கிறது. பேட்டரியை முதலில் கையால் எடுத்துவிட வேண்டும். அதன் கீழே இருக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே அளவுதான், மாறிப் போகுமோ என்ற கவலை வேண்டாம். பழையது இருந்த இடத்தில் வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்ளும். அத்தைக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, கையும் நடுங்கவில்லை. அவரே மாட்டிக்கொள்வார். நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

சமையலறையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எண்ணெய் பாட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது, நகர்த்தி வைத்தேன். வேறு எண்ணம் எனக்கு இல்லை. உங்களுக்கு வேலை அதிகம் என்று சொன்னதும் உண்மைதானே. பாவம் என்று சொன்னது தப்பு என்றால் அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஓரகத்தி


பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

நான் சிரமப்பட வேண்டாம் என்று நீ யார் சொல்வதற்கு? போர்ட்டை நான்தான் மாட்டினேன். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு ஒரு ஸ்க்ரூ திருகத் தெரியாதா. அத்தை பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்ததும் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். "பரவாயில்லையே" என்று சொன்னார். சொன்ன வாய் மூடவில்லை, போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் உன்னோடு பேச உட்கார்ந்துவிட்டார்.

முன்பெல்லாம் அவருக்கு எதற்கும் நான் வேண்டும். யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்க நான், நம்பர் தேட நான், சத்தத்தைக் கூட்ட நான். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போவேன். எரிச்சலாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. இப்போது ஒன்றுக்கும் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் ஆனால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. நான் வந்த நாளில் இருந்து இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நீ என்ன அப்படிப் பெரிய ஜோக் சொல்கிறாய்?

தெரு முழுக்க உன் புகழ்தான். காய்கறிக்காரரிடம் பின் கவரைத் திறந்து காட்டுகிறார். "என் சின்ன மருமக வாங்கிக் கொடுத்தது. தூக்கிப் போடவே வேண்டாம், பார்ட் பார்ட்டா மாத்திக்கலாம்." பெரிய மருமகள் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போய்த்தான் இதைச் சொல்கிறார்.

இப்போது ஸ்பீக்கர் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அனுப்பியிருக்கிறேன்.

பெரியவள்


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது. புதியதை இத்துடன் அனுப்புகிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று நீங்கள் இதுவரை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பழைய பாகங்கள் எல்லாம் ஒரு மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் பெரிய கண்ணாடிக்குக் கீழே வைத்து, எப்படிப் பழுதானது என்று பார்க்க வேண்டும். எந்த இடம் அடிக்கடி பழுதாகிறதோ, அடுத்த போனில் அந்த இடத்தைத் திருத்துவார்கள். பிறகு உள்ளே இருக்கும் உலோகத்தைப் பிரித்தெடுக்க அனுப்பிவிடுவார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான்.

போன மாதம் வந்த போர்ட்டுக்குள் நீல நூல் பிசிறு அடைத்திருந்தது. தையல் வீடு, பறந்து வந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். இறுக்கி அடைத்தது போல இருந்தது, இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஸ்பீக்கரில் வலை முழுக்க ஓட்டை. எங்கள் சூப்பர்வைசரை நாங்கள் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன, யாராவது காது குத்தினாங்களா?" என்று கேட்டார். நான் 'காரணம் தெரியவில்லை' என்று பதிவு செய்துவிட்டேன். இந்த வேலையில் நான் செய்த முதல் பொய் அது.

உங்கள் வீட்டில் பூச்சி ஏதாவது இருக்கிறதா அக்கா? ஊசி மாதிரி மூக்கு வைத்த பூச்சி?

போனைச் செங்கல் என்று எழுதியிருந்தீர்கள். முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் போன் மெல்லிசாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டுவோம். பேட்டரி செத்தால் போனே செத்த மாதிரி. நாள் முழுக்க நின்றுகொண்டே ஒட்ட வேண்டும். பசை வாடையில் தலை கிறுகிறுக்கும், கழிப்பறைக்குப் போகக்கூட ஒருத்தியிடம் அனுமதி கேட்க வேண்டும். இங்கே எனக்கு நாற்காலி இருக்கிறது. உலோகத்தைத் தோண்டி எடுப்பவருக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா என்று கேட்க ஒரு பிரிவே இருக்கிறது. எல்லாம் சரியாக நடக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் கேட்கவாவது ஆள் இருக்கிறார்கள். அத்தைக்கு ஒன்று வாங்கினால் இப்படிச் செய்ததைத்தான் வாங்க வேண்டும் என்று இருந்தேன். அதில் உங்களுக்குச் செய்த சதி ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நீங்களும் பெரிய அத்தானும் ஒருமுறை வந்து தங்கலாம்.

உங்கள் ஓரகத்தி


பிப்ரவரி 25

சின்னவளுக்கு,

சும்மா கிடக்கிற அறை எங்களுக்கா? யார் காதில் பூ சுற்றுகிறாய்? அந்த அறையில் கட்டில் போட்டாகிவிட்டதாமே. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாகிவிட்டதாமே. எனக்கும் உன் பெரிய அத்தானுக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குளிக்கிற வயசு இன்னும் வரவில்லை.

நேற்று அத்தை தன் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். "சின்னவ வீட்டுக்குப் போய் இருக்கலாம்னு இருக்கேன்" என்றார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். பெட்டியின் பூட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உன் பெரிய அத்தானிடம் சொன்னேன். "அம்மாவுக்கு எங்கே இஷ்டமோ அங்கே இருக்கட்டுமே" என்றார் அந்த மனிதர், செய்தித்தாளில் இருந்து தலையைத் தூக்காமல்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவர் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்து வருவார், நான் சாப்பாட்டை எடுத்து வைப்பேன். எங்களுக்குள் அதிகம் பேச்சு இல்லை. பேச்சு இல்லாததால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடாதே. அவர் தலைவலிக்கு எந்தப் பக்கம் அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். காபியில் சர்க்கரையைக் குறைத்தால் அவர் எப்போது கண்டுபிடிப்பார், எப்போது கண்டுபிடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு டப்பாவை அனுப்பிவிட்டு, உட்கார்ந்த இடத்தில் இருந்தே அவரைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாய்.

டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. தையல் மெஷினுக்குக் கீழே விழுந்தது. கண்ணாடிக்குக் கீழே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்.

பெரியவள்


மார்ச் 6

அக்காவுக்கு,

பார்த்தேன்.

கீழே விழுந்தால் ஓரத்தில் இருந்து விரிசல் ஓடும். இது நடுவில் இருந்து ஓடியிருக்கிறது. நடுவில் மெஷின் பாதத்தின் தடம் அப்படியே பதிந்திருக்கிறது, ஊசி இறங்கும் பள்ளம்கூடத் தெரிகிறது. போனை மெஷினில் வைத்துத் தைத்திருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி பார்ப்பதற்குள் எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். இதற்கும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுத என்னால் முடியாது. காரணம் எனக்குத் தெரியும்.

நான் அத்தையைக் கூப்பிடவில்லை. அவராகத்தான் "நான் அங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டார். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள். கட்டில் வாங்கியது உண்மை, கம்பி வைத்ததும் உண்மை. கேட்டவுடனே வாங்கினேன், மனசு மாறிவிடுவாரோ என்று பயந்து வாங்கினேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டதாக எழுதினீர்களே, என்ன ஜோக் என்று சொல்லட்டுமா. "பெரியவ இன்னைக்கு மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவனைப் பார்த்து என்ன கேட்டா தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அரை மணி நேரம் ஓடும். பெரியவள் கடைக்காரனை மடக்கியது, பெரியவள் தும்மினால் தெருவே திரும்பியது, பெரியவள் தைத்த திரையில் ஒரு கோணல் இருக்காது. நான் 'ம்' கொட்டிக்கொண்டிருப்பேன். என் வேலையைப் பற்றி, எனக்கு வந்த காய்ச்சலைப் பற்றி எதையாவது ஆரம்பித்தால், "பெரியவளுக்கும் போன வருஷம் இப்படித்தான் வந்துச்சு" என்பார். என் வீட்டுக்காரர் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அத்தை என்னை 'அந்தப் பொண்ணு' என்றுதான் கூப்பிட்டார். 'சின்னவ' என்று கூப்பிட வைக்க எனக்கு எவ்வளவு காலம் ஆனது என்று உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குப் 'பெரியவ' என்ற பெயர் வந்த அன்றே கிடைத்துவிட்டது.

உங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது அக்கா. நீங்கள் மட்டும்தான் எரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள்.

புதிய டிஸ்ப்ளே அனுப்பவில்லை. அடுத்த மாதம் அத்தை இங்கே வந்ததும் நானே மாட்டிக் கொடுக்கிறேன்.

சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

ஆமாம். நான்தான். நூலை அடைத்ததும் நான்தான், ஊசியால் குத்தியதும் நான்தான், மெஷினில் வைத்து மிதித்ததும் நான்தான். வேறு எந்தப் போனாக இருந்தாலும் முதல் தடவையே ஒழிந்திருக்கும். என் மேஜை டிராயரில் பழுதாகி ஒழிந்த பழைய போன்கள் இருக்கின்றன, ஒன்றும் திரும்பி வந்ததில்லை. உன்னுடையது மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசாக எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அதையும் என் கையாலேயே மாட்ட வைத்தாய்.

போன் போனால் அத்தை திரும்ப என்னிடம் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. சாயங்காலம் ஆனால் அறைக்குள் போகிறார், கதவைச் சாத்திக்கொள்கிறார், சத்தம் மட்டும் இல்லை. காபி கொண்டுபோய் வைத்தால், "எனக்காக ஏன் சிரமப்படுற?" என்கிறார். அவர் என்னிடம் இப்படியெல்லாம் மரியாதையாகப் பேசிப் பழக்கமே இல்லை. சட்டியைக் கழுவவில்லை என்று திட்டுவார், சத்தம் போடாதே என்று திட்டுவார். இப்போது தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார், துணியைத் தானே மடிக்கிறார், ரயில் ஏறும் நாளை எண்ணிக்கொண்டு சத்திரத்தில் தங்கியிருப்பவர் மாதிரி நடக்கிறார்.

ஏன் போகிறார் என்று அவரைக் கேட்கச் சொன்னாய். நான் கேட்க மாட்டேன். போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்திப் பழக்கம் எனக்கு இல்லை. என் அம்மா வீட்டில் இருந்து இங்கே வந்தபோது என்னையும் யாரும் நிறுத்தவில்லை.

நீ சொன்ன மீட்டர் ரீடிங் கதையில் அவன்தான் முதலில் வாயைக் கொடுத்தான். அத்தை அதைச் சொன்னாரா?

பெரியவள்


மார்ச் 20

அக்காவுக்கு,

டிஸ்ப்ளே இத்துடன் இருக்கிறது. மேலும் கீழும் இரண்டு கொக்கிதான், நீங்களே மாட்டிவிடுவீர்கள்.

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்குத்தான் நல்லது, அதனால்தான் கிழித்தேன்.

நீங்கள் ஸ்பீக்கரைக் குத்தியபோது அத்தை கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் அனுப்பிய ஸ்பீக்கரை மாட்டிய அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார். "நான் பேசுற சத்தமே பெரியவளுக்குப் பிடிக்கலை போல. அதான் அதைப் போய்க் குத்திக்கிட்டு இருக்கா. இத்தனை வருஷம் பொறுத்தா, இனியும் எவ்வளவுதான் பொறுப்பா? நான் அவளுக்கு பாரமா இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகுதான் இங்கே வரட்டுமா என்று கேட்டார்.

அப்போது போர்ட்டும் ஸ்பீக்கரும் இரண்டும் என் கண்ணாடிக்குக் கீழே வந்து போயிருந்தன. நீங்கள் எதற்குக் குத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். வெறுப்பில் உடைப்பவள் ஒரே போடாகப் போட்டு உடைப்பாள். நீங்கள் சார்ஜ் ஏறாமல் செய்தீர்கள், காது கேட்காமல் செய்தீர்கள், என்னோடு பேச முடியாமல் செய்தீர்கள். அவரை யாரோடும் பங்கு போட உங்களுக்கு மனசு வரவில்லை. "அத்தை, அது வெறுப்பு இல்லை, பொறாமை" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், அவர் பெட்டியை இறக்கியே இருக்க மாட்டார். நான் சொல்லவில்லை. "உங்க இஷ்டம் அத்தை, எப்ப வேணாலும் வாங்க" என்று சொன்னேன். குரலில் தேன் வழிந்திருக்கும்.

நேற்று அத்தை பெரிய அத்தான் போனில் இருந்து கூப்பிட்டார். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றார். சந்தோஷப்பட்டேன். பிறகு அழுதுகொண்டே, "அவளுக்கு இனி வீடு காலியா, நிம்மதியா இருக்கும்ல?" என்று என்னையே கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

நான் இனிமேலும் அவரிடம் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை, உங்கள் வேலை. சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் ரயில் ஏறட்டும். ஏறினால் நான் அழ மாட்டேன்.

சின்னவள்


மார்ச் 29

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தபோது அத்தை குளித்துக்கொண்டிருந்தார். படித்ததும் எனக்கு உன் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது. பிறகு என் கழுத்தை.

டிஸ்ப்ளேயையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். வெறுங்கையோடு போயிருந்தால் வாசலில் இருந்தே திரும்பியிருப்பேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து போனைப் பிரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு பேசுவது சுலபமாக இருந்தது.

"இதை நான்தான் உடைச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"ஸ்பீக்கரையும்."

"அதையும்தான் பார்த்தேனே. விடு. அதான் நான் கிளம்புறேன்ல."

"நீங்க பேசுறது பிடிக்காம உடைக்கல. என்கிட்ட பேசாம அவகிட்ட பேசுறீங்கன்னு உடைச்சேன்."

ஒரு கொக்கி மாட்டிக்கொண்டது, இன்னொன்று என் கைக்கு வரவே இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றால் எந்தக் கொக்கிதான் தெரியும்.

"போகாதீங்க அத்தை" என்றேன். என் வாயில் இருந்து வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"கொடு இங்க" என்று போனை வாங்கி, அந்தக் கொக்கியை அவரே மாட்டினார். "எனக்குக் காது கேட்கும் பெரியவளே. வாய்விட்டுச் சொல்றதுக்கு என்ன, ஒரு போனைக் கொலை பண்ணித்தான் சொல்லணுமா?" என்றார். அதன் பிறகு காபி கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன், சர்க்கரை இல்லை என்று திட்டினார். எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. பெட்டி மேலே ஏறிவிட்டது.

நீ எழுதாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பெரியவள்


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது போலவே நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருந்திருக்கலாம்.

நல்ல காரியம் செய்தாய் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்கு நல்லவள் என்ற பெயர் வேண்டாம் அக்கா, எனக்கு அத்தை வேண்டும். அந்த அறைக்குள் போகவே பிடிக்கவில்லை. கட்டிலில் காயப்போட்ட துணியைக் குவித்து வைத்திருக்கிறேன். கம்பியை இவர் பிடித்துக்கொண்டு குளிக்கிறார், ஆபரேஷன் ஆனவர் மாதிரி. சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது.

உடைந்த டிஸ்ப்ளேயை நேற்று பூதக்கண்ணாடியிடம் கொடுத்துவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார். "வீட்டுச் சண்டை" என்றேன். "அதுக்கு இங்க ஸ்பேர் இல்லையே" என்று சொல்லிவிட்டு, உலோகத்துக்குப் போகும் பெட்டியில் போட்டார்.

உங்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஒன்று கேட்கிறேன். இப்போது அத்தை கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். பின்னால் உங்கள் மெஷின் சத்தம் கேட்கிறது, "யாரு, சின்னவளா?" என்று உங்கள் குரல் கேட்கிறது. அவர் உங்களைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார், என்னிடம் சொல்ல வந்ததை உங்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். நான் காதில் போனை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் என்னோடு பேசும்போது நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள். உங்களுக்கு மற்ற நாளெல்லாம் இருக்கிறது.

சின்னவள்


ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமையை உனக்கு ஒதுக்கியிருக்கிறேன். அன்றைக்கு மெஷினை ஓட்டுவதில்லை.

நேற்று அத்தை போனை எடுத்ததும் நான் எழுந்து வெளியே வந்து, கதவை நானே சாத்தினேன். வந்துவிட்டேன் என்று சொல்வதற்கு இல்லை, கதவுக்கு வெளியே நின்றேன். இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது, கழுவவில்லை. நின்றேன்.

என்னைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அந்தக் காய்ச்சல் அப்புறம் திரும்ப வரலையே?" என்று உன்னைக் கேட்டார். உன் மேஜையைப் பற்றிக் கேட்டார். அந்தப் பசை வேலை பார்த்த காலத்தில் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உன்னைத் திட்டினார், என்னைத் திட்டுகிற அதே குரலில். அந்தக் குரல் எனக்கு மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்னவோ சொன்னாய், அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் "என் கண்ணு" என்றார். என்னை ஒரு தடவைகூட அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என் கை கதவுப் பிடியில்தான் இருந்தது. வயிறு எரிந்தது, உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன், கதவைத் திறக்கவில்லை.

அக்கா